ஹெல்ப்புக்கு ஒரு ஆள்

சங்கரன்கோவில் கோமதியம்மன் கோவில் பிரகாரத்தில் உட்கார்ந்ததுமே ஆனந்தவல்லி ஆரம்பித்தாள்.

"எனக்கு முட்டுவலி. வீட்டுல ஹெல்ப்புக்கு ஒரு ஆள் வேணும். காலைல அஞ்சு மணிக்கு எந்திச்சிருவியா?"

"எந்திச்சிருவேன்," என்றாள் மீனலோசினி.

"பாத்திரம், துணி எல்லாம் நீதான். அடிக்கடி ஊருக்குப் போணும்னு நிக்கக் கூடாது. எதுத்துப் பேசுற ஆளு எனக்கு ஆகவே ஆகாது."

"முன்னால இருந்தவ ஏன் போனா?"

"அந்தக் கழுதை பேச்சை எடுக்காத. ஆறே மாசத்துல ஓடிட்டா."

மீனலோசினி சரியென்று தலையாட்டினாள். அந்த அடக்கம் ஆனந்தவல்லிக்குப் பிடித்துப்போனது. பையிலிருந்து பிச்சிப்பூவை எடுத்து, தூணருகே நின்ற மகனைக் கூப்பிட்டாள்.

"ஏலே விஜய், பொண்ணு எனக்குச் சம்மதம். பூ வச்சிருதேன்."

மீனலோசினி தலையை விலக்கிக்கொண்டு எழுந்தாள்.

"பூவ அம்மனுக்குச் சாத்திருங்க. ஹெல்ப்புக்கு ஆள் வேணும்னா தாலி கட்டாதீங்க, சம்பளம் குடுங்க. சம்பளத்துக்கு வர்றவ ஓட மாட்டா."