ஸ்பூன் குழியில் இரண்டு தலைகள்

அண்ணன் தம்பிகளைக் கட்டிய ஓரகத்திகள் இருவரும் ஓவிய வகுப்பில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஸ்பூனைப் பென்சிலால் வரைந்தார்கள். இளையவள் படத்தைப் பார்த்து வாத்தியார், "எடுத்துச் சாப்பிடலாம் போல இருக்கும்மா" என்றார். மூத்தவள் படத்தைப் பார்த்து, "இது அகப்பையா?" என்றார்.

மூத்தவளுக்கு வயிறு பற்றியெரிந்தது. ஸ்பூன் குழியில் தலைகீழாகத் தெரிந்த தங்கள் இருவர் தலையையும்கூட அந்த மகராசி விடாமல் வரைந்திருந்தாள். இளையவள் கை கழுவப் போன நேரத்தில், வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவள் அவள்தானே என்று மூத்தவள் படத்தில் வலப்பக்கத் தலையை ரப்பரால் சுத்தமாக அழித்துவிட்டாள்.

இளையவள் வந்து படத்தைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"என்னக்கா, குழியில இடதும் வலதும்கூட மாறித்தானே தெரியும்? நீங்க அழிச்சது உங்க தலையைத்தான்."

"போடி, பெரிய இவ!" மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஸ்பூனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். குழியில் ஜன்னல் தெரிந்தது. தலைகீழாகவும் அழகாக இளையவள் தெரிந்தாள். குழியில் அவள் பக்கத்தில், மூத்தவளின் கைப்பை மாட்டிய நாற்காலி காலியாகக் கிடந்தது.