வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

படிக்க வந்த இந்த வெளிநாட்டு விடுதியில் செருப்பை அறைக்கு வெளியே கழற்றிவிடுகிறவள் பெனிட்டா மட்டும்தான். மூடிய கதவுகளுக்கு நடுவே தன் ஒற்றை ஜோடி கிடப்பதைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சலாக வரும். அம்மா வேறு தினமும் வீடியோவில், "ஏட்டி, ஒன்னத் தேடி ஒருத்தரும் வாரதில்லையா?" என்பாள். கேள்வி தாங்காமல் ஒருநாள் பழைய சாமான் கடையில் அளவுகூடப் பார்க்காமல் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிவந்தாள். அதைத் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவுக்குக் காட்டினாள்.

"யாருட்டி வந்திருக்கா? காப்பி குடுத்தியா?" அம்மாவின் குரலில் அப்படியொரு நிம்மதி.

"இனிமேதான் போடணும்."

சொல்லிவிட்டோமே என்று இரண்டு கோப்பை போட்டு, இரண்டையும் அவளே குடித்தாள். அதன்பிறகு பூட்ஸ் வாசலிலேயே கிடந்தது. யாரோ வந்து போவதுபோல அதை அவ்வப்போது இடம் மாற்றி வைப்பாள்.

நேற்று வகுப்பு முடிந்து வந்தபோது பூட்ஸை ஒட்டி மழைநீர் சொட்டச் சொட்ட ஒரு நீல ஷூ ஜோடி கிடந்தது. கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளிருந்து காப்பி வாசனை வந்தது. பெனிட்டா சாவியை எடுத்தாள், மறுபடி பைக்குள் போட்டாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தன் அறைக் கதவைத் தட்டினாள்.