மூன்றாவது மானிட்டர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்துப் போட்டு அதற்கு உயிர் கொடுப்பதுதான் ஜெயராமுக்கு ஒரே சந்தோஷம். இன்று அதன் ஃபேன் சுற்றிவிட்டது. படம் மட்டும் சரியாக வரவில்லை.

"சாரு, பேகம்பேட்ல வாங்கின இந்த மானிட்டரும் நக்கோ, வேணாம்! ஒரே மங்கல்!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினார்.

"இதோட மூணாச்சு. கடைக்காரங்க உங்களை நல்லா ஏமாத்துறாங்க" என்று சலித்துக்கொண்டே வந்தாள் மனைவி சாருலதா. "கேபிளை மாத்திப் பாருங்க."

"மாத்தியாச்சு. வெளிச்சத்தையும் முழுசா கூட்டியாச்சு. ஓரமெல்லாம் கறுப்பா நிக்குது, பாரேன்."

பார்த்தாள். திரையில் நீல வானமும் பச்சைப் புல்வெளியும் ஓரம்வரை பளிச்சென்று தெரிந்தன.

'அவருக்கு ஓரத்துலேர்ந்து இருட்டிக்கிட்டே வரும்மா. இனி மருந்து கேட்காது' என்று கண் டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். இவ்வளவு சீக்கிரம் வருமென்று சொல்லவில்லை.

"என்ன, மங்கல்தானே?"

சாருலதா முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்தாள்.

"ஆமாங்க. ரொம்ப மங்கல்."

"அப்பாடா!" ஜெயராம் பெருமூச்சு விட்டார். "என் கண்ணுதானோன்னு பயந்தே போயிட்டேன்."