நாலாம் நம்பர்

"அவர் வந்துதான் ஆகணுமா சார்? எங்கப்பாவைப் பத்தி மொட்டைக் கடிதம் போட்டது அவர்தான்னு ஊருக்கே தெரியுமே!" என்றாள் அவள்.

ஒலிம்பிக் சங்க அலுவலகத்தின் பதிவறை அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதக்கம் இப்ப அவர் பேர்ல இருக்கும்மா. திரும்ப உங்கப்பா பேருக்கு மாத்தணும்னா அவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும். அதுதான் விதி."

"விதியைப் பத்தி எங்க வீட்டுக்குச் சொல்லாதீங்க சார். விதியாலதான் நாங்க கெட்டோம்."

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒலிம்பிக் நீச்சலில் அவளுடைய அப்பா மூன்றாவதாக வந்தார். வெண்கலம். நாலாவதாக வந்தவரும் இதே நாட்டுக்காரர், அப்பாவோடு ஒரே குளத்தில் பயிற்சி எடுத்த சிநேகிதர்.

எட்டு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. அப்பா ஒரு கிளப்பில் ஆறு மாதம் சம்பளத்துக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார் என்று. அந்தக் காலத்தில் விளையாட்டால் ஒரு காசு சம்பாதித்தாலும் ஒலிம்பிக்கில் இடமில்லை. விசாரித்தார்கள். பதக்கத்தைப் பிடுங்கி நாலாவது ஆளுக்குக் கொடுத்தார்கள். பதக்கத்தால் கிடைத்த அரசாங்க வேலை, குடியிருப்பு எல்லாம் கூடவே போயிற்று.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அந்த மனிதருக்குப் பெயரே கிடையாது. நாலாம் நம்பர். பால் திரிந்துபோனால்கூட, "நாலாம் நம்பர் கண்ணு பட்டுடுச்சு" என்பாள் அம்மா.

இப்போது அந்த விதியும் இல்லை, அப்பாவும் இல்லை. பதக்கத்தையாவது மீட்கலாம் என்று அவள் மனுப் போட்டிருந்தாள்.

கதவு திறந்தது. கைத்தடியை ஊன்றி ஒரு முதியவர் உள்ளே வந்தார். சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"பதக்கம் இதுல இருக்கு. நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. நாற்பத்தெட்டு வருஷம் பூட்டி வைத்திருந்ததை ஒருத்தர் இப்படிப் பொசுக்கென்று நீட்டுவாரா? உள்ளே ஏதோ உறுத்துகிறது. அதுதான் இந்த அவசரம்.

"கையெழுத்து இருக்கட்டும். முதல்ல நான் அந்த மொட்டைக் கடிதத்தைப் பாக்கணும்."

முதியவர் முகம் மாறியது.

"அது எதுக்கும்மா இப்ப? நீ கேட்டதைத்தான் குடுத்துட்டேனே..."

"ஏன், பயமா இருக்கா?"

"சார், அந்தப் பைலை எடுக்க வேண்டாமே. தயவுபண்ணி..." அவர் அதிகாரியின் கையைப் பிடிக்காத குறை.

"எடுங்க சார்! இவருக்கு வேர்க்கிறதைப் பாருங்க. நேத்து எழுதின மாதிரி நடுங்கறார்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "குடும்பத்துக்குப் பாக்க உரிமை இருக்கு சார்" என்று சொல்லிப் பழுப்பேறிய தாளை எடுத்து, உரக்கவே படித்தார்.

"சம்பளம் வாங்கிக்கொண்டு நீச்சல் கற்பித்தவர், உறுதிமொழிப் படிவத்தில் பொய் எழுதிக் கொடுத்துவிட்டுப் போட்டியில் இறங்கினார். வெற்றி மேடையில் நிற்க அவருக்கு அருகதை இல்லை. அந்த இடம் நாலாவதாக வந்தவருக்கே உரியது."

"கேட்டீங்களா!" அவள் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "'நாலாவதாக வந்தவருக்கே உரியது'! இதை வேற யார் சார் எழுதுவா? குடுங்க, அந்த அழகான கையெழுத்தை நானும் பாக்கறேன்."

வாங்கினாள். பார்த்தாள்.

பிறகு மெல்ல உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அவள் கொண்டுபோன லீவ் லெட்டர் ஒவ்வொன்றிலும் இருந்த கையெழுத்து. 'ழ'வின் வாலைச் சுழித்து மேலே இழுக்கிற அதே பழக்கம்.

"இது எங்கப்பா எழுத்து..." என்றாள்.

முதியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பதக்கம் எனக்கு வந்ததும் திருப்பிக் குடுக்கத்தான் ஓடி வந்தேன். உங்கப்பா தெருமுனையிலயே நிறுத்தி, 'எழுதினது நான்தான்டா. அந்த மேடையில ஏறினதுலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல'ன்னார்."

"அதைப் பேர் போட்டே எழுதியிருக்கலாமே!"

"நீ அப்ப உங்கம்மா வயித்துல இருந்தேம்மா. வேலை போகுது, வீடு போகுது. இத்தனைக்கும் காரணம் புருஷனேன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்கன்னு பயந்தார். நான்தான் சொன்னேன், யாரையாவது திட்டித்தான் மனசு ஆறும்னா என்னைத் திட்டிட்டுப் போகட்டும்னு. மேடை ஏறாமலே பதக்கம் வாங்கினவன், இதைக்கூடத் தாங்க மாட்டேனா?"

"ஊருக்கு உண்மையை எழுதத் தெரிஞ்சவருக்கு வீட்ல சொல்ல வாய் வரலையே!" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"மனு வேண்டாம் சார். அப்பா எழுதினபடியே இருக்கட்டும்."

கைப்பை அதிர்ந்தது. போனை எடுத்தாள். அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"வந்தானா அந்தப் பாவி? நாலு வார்த்தை நறுக்குனு கேட்டியா?"

'ஆமான்னு சொல்லிடும்மா' என்று முதியவர் பதறிக் கையை ஆட்டினார். "என் பேரே இருந்துட்டுப் போகட்டும். பழகிடுச்சு."

அவள் தலையசைத்து மறுத்தாள். போனை அவர் கையில் வைத்து, அதன் பக்கமாகக் குனிந்தாள்.

"அம்மா, அவர்தான் லைன்ல இருக்கார். முதல்ல மன்னிப்புக் கேளு. கடிதம் எழுதினது யாருன்னு அப்புறம் நானே சொல்றேன்."