கண் பிரிவுக்கு வழி

"கண் பிரிவுக்குக் கிளம்பி, துணி துவைக்கிற ரூம்ல போய் நிக்கிறியேம்மா!"

ஆஸ்பத்திரி வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு வாரமாக இதே கூத்து. தினமும் அந்தப் பெண் வாசலிலிருந்து கண் பிரிவைத் தேடிப் புறப்படுவாள். எங்காவது போய்த் திருதிருவென்று விழிப்பாள். நோட்டும் கையுமாகப் பின்னாலேயே வரும் இருவர் ஏதோ குறித்துக்கொள்வார்கள்.

இந்த அயலூரில் தன் மொழி பேசுகிற பெண்ணாயிற்றே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

"லிஃப்ட் தாண்டி வலது பக்கம் திரும்பும்மா," என்று கிசுகிசுத்தார்.

"ஐயோ அண்ணே, சொல்லிக் குடுத்துடாதீங்க! என் வேலையே போயிடும்!"

ஏதோ பரீட்சை வைக்கிறார்கள் போலிருக்கிறது, பாவம் என்று அவர் வாயை மூடிக்கொண்டார்.

இன்று அவள் எங்கும் நிற்கவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. நேராகப் போய்க் கண் பிரிவின் கதவைத் தட்டினாள். நோட்டுக்காரர்கள் குதிக்காத குறையாகக் கை தட்டினார்கள்.

பின்னாலேயே ஓடிவந்த வாட்ச்மேனுக்கு வாயெல்லாம் பல்.

"பாஸ் பண்ணிட்டியாம்மா!"

"நான் இல்லண்ணே, அந்த வழி காட்டுற போர்டுங்க பாஸ் பண்ணிடுச்சு! இவங்க அதை டிசைன் பண்றவங்க. நேத்துதான் இந்த ஊருக்கு வந்து இறங்கினவங்களுக்கும் புரியணுமாம். எனக்கு இந்த ஊர் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதுன்னுதான் தேடிப் பிடிச்சு வேலைக்கு எடுத்தாங்க. நான் முழிச்ச இடத்துலயெல்லாம் போர்டை மாத்தினாங்க."

வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார். வழிநெடுக மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய கண்கள்.

"அப்போ நாளைக்கு வரமாட்டியா?"

"நேரம் ஏதுண்ணே? நாளையிலேருந்து நான் ஏர்போர்ட்ல தொலைஞ்சு போகணும்!"