சொல்வதை எழுதுபவர்

பேனா நின்றுவிட்டது.

மருது சகோதரர்கள் திருச்சியில் அறிக்கை வெளியிட்டார்கள் என்று இசக்கியம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நிதானமான குரல். எழுத வசதியாக இடைவெளி விட்டுச் சொன்னாள்.

கேள்வி வேலூர்ப் புரட்சியைப் பற்றியது.

இசக்கிக்காகத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவள் கேள்வித்தாளை மறுபடி பார்த்தாள். வேலூர்தான். இசக்கி சொல்வது அதற்குச் சில ஆண்டுகள் முந்தைய கதை. அது வேறு ஊர், வேறு ஆட்கள்.

அறையில் மூன்றே பேர். பார்வையில்லாத மாணவிக்கு என்று ஒதுக்கிய சின்ன அறை அது. இசக்கி, அவள், கதவருகே நாற்காலியில் கண்காணிப்பாளர். அவருக்குக் கண் சொக்கியது.

கல்லூரி முடித்ததும் ஒரு வருடச் சேவைக்கு என்று பாளையங்கோட்டை விடுதிக்கு வந்தவள் அவள். படித்தது வேதியியல். விடுதியில் இருந்த பெண்கள் யாருக்கும் பார்வை கிடையாது.

வந்த புதிதில் அவர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இழுக்கக் கூடாது, முழங்கையைக் கொடுத்தால் போதும் என்றார்கள். நாற்காலியை எடுத்த இடத்தில் வைக்கக் கற்றாள். கதவைப் பாதி திறந்து போடாதிருக்கக் கற்றாள். தட்டில் பொரியல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுப் பரிமாறக் கற்றாள்.

மாலையில் பாடம் வாசிப்பாள். இசக்கிக்கு வரலாறு. தலைப்பாகையில் தோல் வைத்ததற்காகவா இத்தனை சண்டை என்று இசக்கி கேட்டுச் சிரித்தது வேலூர்ப் பாடத்தில்தான். அதை எத்தனை தடவை வாசித்தார்கள் என்று கணக்கில்லை.

இது கடைசித் தாள். தேறினால் பி.எட். இடம் தயார். தேறாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

சொன்னதை மட்டும் எழுத வேண்டும். அது விதி.

கேட்டால் கேள்வியைத் திரும்ப வாசிக்கலாம். அதுவும் விதிதான்.

இசக்கி கேட்கவில்லை.

அவள் வாசித்தாள். "வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை விவரி." வேலூர் என்ற இடத்தில் குரல் தானாக ஊன்றியது. தானாக என்று பிற்பாடு தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இசக்கியின் வாய் பாதியில் நின்றது.

மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. இசக்கிக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது.

இனி சொல்வாள். தலைப்பாகை, காதணி, நெற்றிக் குறி, எல்லாம் வரிசையாக வரும். இதுவரை எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். நேரம் இருந்தது.

"வேலூர்ங்கறத ஏன்க்கா அழுத்தி வாசிச்சிய?"

தணிந்த குரல். கண்காணிப்பாளர் எழுந்திருக்கவில்லை.

அவள் கேள்வித்தாளைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் பொறுத்திருந்தா எனக்கே ஞாபகம் வந்திருக்கும்லா. இப்ப மாத்துனா அது உங்க பதிலு." இசக்கி மூச்சை இழுத்து விட்டாள். "எதுல விட்டேன்? திருச்சி அறிக்கை. எழுதுங்க."

மருது சகோதரர்களைக் கடைசிவரை சொன்னாள். அவள் கடைசிவரை எழுதினாள். தவறான பதில். ஒரு சொல் பிசகாமல் எழுதினாள்.

வெளியே வந்ததும் முழங்கையை நீட்டினாள். இசக்கி பையிலிருந்து மடக்குக் கோலை எடுத்து விரித்தாள்.

பேருந்து நிறுத்தம் வரை தானே கோலைத் தட்டிக்கொண்டு நடந்தாள். அங்கே நின்றபோதுதான் இசக்கி போன வருடத்தைச் சொன்னாள். போன வருடம் எழுத வந்த பெண் நல்ல பெண்ணாம். இசக்கிக்குத் தெரியாததையும் சேர்த்து எழுதிவிட்டாளாம். வகுப்பிலேயே முதல் மதிப்பெண். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் தன்னுடையது எவ்வளவு என்று இன்றுவரை தெரியவில்லை என்றாள்.

"கூப்பிட்டுப் பாராட்டுறப்ப எந்திரிச்சு நிக்கவே கூச்சமா இருந்துச்சுக்கா."

தேர்வு முடிவு வந்தபோது அவளுடைய சேவை வருடம் முடிந்திருந்தது. சென்னையில் ஒரு மருந்துக் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் வேலை. விடுதி சிஸ்டர்தான் போனில் சொன்னார். இசக்கிக்குக் கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டதாம். பி.எட். இடமும் போய்விட்டது.

அந்த ஒரு கேள்வி போதும், தேறியிருக்கலாம். அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

நவம்பர் மறுதேர்வுக்கு முன்னால் இசக்கியே கூப்பிட்டாள். எழுத வர முடியுமா என்று கேட்டாள். சிஸ்டர் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார்களாம். தான்தான் வேண்டாம் என்றாளாம்.

அவள் தயங்கினாள். தனக்கு அந்தப் பாடமெல்லாம் தெரியுமே என்றாள்.

"தெரிஞ்சா தெரியட்டும்க்கா. நீங்க வாங்க."

ரயிலில் இடம் கிடைக்கவில்லை. பேருந்தில் போனாள்.

அதே மாதிரி ஒரு சின்ன அறை. வேறு கண்காணிப்பாளர். எல்லாக் கேள்விகளையும் ஒரே குரலில் வாசித்தாள். வேலூர் இல்லை. வேறு வந்திருந்தது. அதற்கும் அவளுக்குப் பதில் தெரியும்.

இசக்கி தொடங்கினாள். நாலைந்து வரி ஓடியது. பிறகு ஒரு பெயரில் தடுக்கியது.

முகத்தை மேலே தூக்கி, உதட்டை அசைத்து அசைத்துத் தேடினாள். அந்தப் பெயர் எழுத உட்கார்ந்தவளின் நாக்கு நுனியில் இருந்தது.

சன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை நிறுத்திவிட்டுப் போனார்கள். மின்விசிறி சுற்றியது. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் காத்திருந்தாள்.