த்ரீ ஃபேஸே குடுங்க

"வீட்டுல பலகை இழைக்கிற மெஷினுக்கு சிங்கிள் ஃபேஸ் மோட்டாரே தாராளங்க. இருநூத்தி முப்பது வோல்ட் போதும்," என்றார் திருத்தணி பஜார் கடைக்காரர்.

"த்ரீ ஃபேஸே குடுங்க," என்றான் பரந்தாமன்.

"அதுக்கு வீட்டு லைனை மாத்தணுமே. வீண் அலைச்சல்."

"பரவால்லீங்க."

கூட வந்த மனைவி பத்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவன் அசைந்து கொடுக்கவில்லை.

லைன் மாறியது. மெஷின் வந்திறங்கியது. மறுநாளே கனகம்மாசத்திரத்திலிருந்து அக்கா வீட்டுக்காரர் தீனதயாளனும் வந்திறங்கினார். ஏற்கெனவே துளை போடும் மெஷினையும் மரம் அறுக்கும் மெஷினையும் 'ரெண்டே நாள்' என்று வாங்கிப் போனவர். இரண்டும் இன்னும் திரும்பவில்லை. அக்கா புருஷனிடம் இல்லையென்று சொல்ல முடியுமா?

"மச்சான், வீட்ல அலமாரி வேலை கீது. இத்த எடுத்துகினு போயி..."

"தாராளமா, பாவா. ஆனா இது நானூத்தி பதினைஞ்சு வோல்ட்டு. உங்க வீட்டு சிங்கிள் ஃபேஸ்ல ஓடாதே."

கடைக்குப் போவதற்கு முன்பே ஒத்திகை பார்த்து வைத்த வசனம் அது.

பாவா மோட்டாரைத் தடவிப் பார்த்துவிட்டு பஸ் ஏறினார். பத்மாவுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது. பரந்தாமன் மீசையை முறுக்கிக்கொண்டான்.

அடுத்த நாள் காலை வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் பலகைகளின் மேல் பாவா. முன்சீட்டில் துணிமணிப் பையோடு அக்கா.

"மெஷின் அங்க வராதுன்னா என்னா மச்சான், நாங்க இங்க வந்துட்டோம். வேலை முடிய எப்படியும் அடுத்த மாசம் ஆடிக்கிருத்திகை ஆயிடும்."

பத்மா புருஷனைப் பார்த்தாள். பிறகு பரணைக் காட்டினாள்.

"அந்தப் பெரிய சோத்துக் குண்டானை எறக்குங்க."